பாலத்துக்காக வைத்திருந்த ஐந்தாவது கியர்

எங்கள் தீவிலிருந்து அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகும் பெரிக் கப்பலில் கார்கள் ஏறுமிடத்தில் ஓர் இரும்புச் சாய்தளம் உண்டு. கடல் நிறைந்திருக்கும்போது அது கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கும். கடல் வற்றினால் சரிந்து இறங்கும். வற்றிய நேரத்தில் எங்கள் கார் அதில் இறங்கிக் கப்பலின் தளத்தைத் தொடும் இடத்தில், முன்பக்கத்து அடிப்பாகம் இரும்பில் உரசி நீண்ட கரகரப்பு ஒன்று எழும். மற்றக் கார்களில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மடியிலிருக்கும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த ஓசைக்குக் கூசிய பெண்ணும், இன்று அதற்காக ஏங்குகிற நானும் ஒருத்திதான் என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது.

கார்களை வரிசையாக நிறுத்தும் பெரி ஊழியர் ஒரு தமிழர். என் அண்ணனைத் தினமும் பார்த்துப் பழகியவர். அந்தக் கரகரப்பு எழும்போதெல்லாம் அவரிடம் ஒரு கேலி தயாராக இருக்கும்.

"தம்பி, இது காரா, கோரப்பாயா? தரையோட படுத்துக் கெடக்கு."

"ஸ்போட் காருன்னா அப்படித்தாண்ணே இருக்கும்."

"ஸ்போட்டோ என்னமோ, என் இரும்பத் தேச்சுக் கரைச்சிடாத லா."

அண்ணன் அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். அப்பா இறந்தபின் ஜார்ஜ் டவுன் வாடகை வீட்டில் அம்மா, அண்ணன், நான் என மூவர்தாம். கார் நாலாவது ஆளாக வந்தது. இரண்டு கதவுகள் கொண்ட சிறிய ஜப்பானியக் கார், கடுகு நிறம், எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டிக் களைத்தது. அது பிறக்கும்போதே வேகமாக ஓடும் ஆசையோடு பிறந்தது என்றும், அதற்குரிய வசதியைத்தான் யாரும் செய்துகொடுக்கவில்லை என்றும் அண்ணன் சொல்வார். அந்த வசதியைத் தம் சம்பளத்துக்குள் செய்துகொடுப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளின் வேலையாயிற்று. வீட்டின் பின்சந்தில் காரை நிறுத்திவிட்டு அடியில் புகுந்துகொள்வார். நான் சமையலறைப் படியில் அமர்ந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்து இலக்கியப் பாடத்தைப் படித்துக்கொண்டே, கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். அளவு தவறிக் கொடுத்ததில்லை. அதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

செலவில்லாதது எதுவோ அதை முதலில் செய்ய வேண்டும் என்பது அவர் முறை. காரின் எடையைக் குறைக்கச் செலவே இல்லை. ஆகவே முதலில் கழன்றது பின்னிருக்கை. அதை வைக்க வேறு இடமில்லாததால் கூடத்தில் சுவரோரமாக, இரண்டு பலகைகளின்மேல் வைத்தார். அம்மா இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அதில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்தார். அதன்பின் வேறெங்கும் அமரவில்லை.

"கோயிலுக்குப் போகணும்னா நான் எங்கடா ஒக்காருவேன்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"முன்னாடி ஒக்காருங்கம்மா."

"அப்ப தங்கச்சி?"

"அவ படிச்சவ. பஸ்ஸுல வருவா."

பின்னிருக்கையை அடுத்து எல்லாமே 'பொத்தோங்' கடையிலிருந்து வந்தன. ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து, எஞ்சின் முதல் திருகாணிவரை பிரித்து விற்கும் கடைகளுக்கு அந்தப் பெயர். புக்கிட் மெர்தாஜாமுக்கு வெளியே இருந்த அப்படியொரு கடைக்கு அண்ணனோடு நானும் சிலமுறை போயிருக்கிறேன். தகரக் கூரையின்கீழ் வரிசை வரிசையாக முகங்கள்: விளக்குகளும் மூக்கும் முன்கண்ணாடியும் இருக்கும், அதற்குப் பின் ஒன்றும் இராது. முதல் முறை அவற்றைப் பார்த்தபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அங்கிருந்து இரட்டை கார்புரேட்டர் வந்தது. பெரிய காரொன்றின் முன்சக்கர பிரேக் வந்தது. புதிதாக வாங்கினால் அண்ணனால் நினைத்தும் பார்க்க முடியாத பொருள்கள். ஒவ்வொன்றையும் பொருத்தி முடித்ததும் அம்மா நான்கு எலுமிச்சம்பழங்களோடு பின்சந்துக்கு வந்துவிடுவார். வாங்கிய புதிதில் கோயில் வாசலில் சக்கரத்தின்கீழ் பழம் வைத்து நசுக்குவது எல்லாரும் செய்வதுதான். எங்கள் காருக்கு மட்டும் அது முடிவில்லாமல் நடந்தது.

"இது புதுசு இல்லம்மா, பழைய சாமான்," என்பார் அண்ணன்.

"அதனாலதான்டா. யாரு காரோ, எங்க அடிபட்டதோ. அந்த மனுசன் இருக்கானோ இல்லையோ. பேசாம ஏறி ஓட்டு."

அண்ணன் ஏறி முன்னும் பின்னும் நகர்த்துவார். பழங்கள் நசுங்கும் மணத்தோடு பெட்ரோல் மணமும் சேரும். ஜப்பானில் முகமறியாத ஒருவருக்காக அம்மா கண்மூடி நிற்பார்.

புகைபோக்கிக் குழாயை அகலமாக்கியபோது கார் உறும ஆரம்பித்தது. அடுத்து, காற்றில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்குகளை ஒரு சுற்று வெட்டினார். கடையில் குட்டை ஸ்பிரிங் கேட்டால் விலை சொல்வார்கள். வெட்டுவதற்கு ஒரு ரம்பமும் பொறுமையும் போதும். கார் தாழ்ந்து, வளைவுகளில் சாயாமல் திரும்பியது. பெரியில் உரசத் தொடங்கியது.

கடைசியாக வந்தது ஐந்து கியர் கொண்ட கியர்பெட்டி. எங்கள் காருக்கு நான்குதான் உண்டு. ஐந்தாவது கியரில் எஞ்சின் இரைச்சலைக் குறைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வேகமாக ஓடும் என்று அண்ணன் விளக்கினார். ஆனால் அந்தக் கியரைப் போட்டு நிலைத்து ஓட்டத் தீவில் இடமில்லை. தெலுக் பஹாங் சாலை முழுக்க வளைவு. நகரத்தில் விளக்குக்கு விளக்கு நிறுத்தம். பிறையில் எப்போதும் ஒரு லாரியின் பின்புறம். கடலில் அப்போது தீவையும் அக்கரையையும் இணைக்கப்போகும் பாலத்தின் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. பெரியின் கம்பியில் சாய்ந்து தெற்கே பார்த்தால் வரிசையாக, தலைமீது ஒன்றும் இல்லாமல், நீரில் நிற்கும். அண்ணன் அவற்றைக் காட்டினார்.

"அஞ்சாவது அதுக்குத்தான். ஏறினோம்னா அந்தப் பக்கம் பிறை வரைக்கும் கியர்ல கை வைக்க வேணாம்."

நான் ஓட்டுநர் தேர்வில் தேறியிருந்தேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், அன்று கேட்டுவிட்டேன்.

"நான் ஓட்டலாமா அண்ணே?"

அவர் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாலம் தொறக்கட்டும். மொத தடவ நீதான் ஓட்டுற. நான் பக்கத்துல ஒக்காந்து தூங்குறேன்."

அதற்குப் பிறகு மாலைகளில், அண்ணன் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், பின்சந்தில் நின்ற காரில் ஏறி அமர்வேன். எஞ்சினை இயக்கமாட்டேன். கிளட்சை மிதித்து, இடக்கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என மாற்றிக்கொண்டு போவேன். ஐந்தாவது வலப்புறம் தள்ளி மேலே இருந்தது. கையை அதுவரை கொண்டுபோய் நிறுத்திக்கொள்வேன், உள்ளே தள்ளமாட்டேன். ஒரு பாட்டின் கடைசி அடியை உடனே படித்துவிடாமல் கையால் மறைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு உண்டு. அதைப் போன்ற ஒன்றுதான் இதுவும்.

பாலத்தின் தளம் இரு கரையிலிருந்தும் நடுக்கடலை நோக்கி நீண்டுவந்த நாள்களில் எனக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. அதே மாதம் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை வீட்டில் யாரும் சொல்லவில்லை. கூடத்துப் பின்னிருக்கையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே அண்ணன் சொன்னார்:

"கார் சிங்கப்பூருக்கு வராது. சுங்கை பாக்காப்ல ஒரு வாத்தியார் கேட்டிருக்கார்."

"பாலம்?" என்றேன்.

"பாலம் எங்கயும் போயிடாது லா."

வாத்தியார் கார் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். எஞ்சினை இயக்கச் சொல்லிக் கேட்டு, உடனே நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, எனக்கு மூணு பிள்ளைங்க. ஸ்கூலுக்குக் கொண்டு போகணும். இந்தச் சத்தத்துல போனா பசங்க என்னைய கேலி பண்ணுவானுங்க. பழையபடி ஆக்கிக் குடுக்க முடியுமா? பின்னால சீட்டும் வேணும்."

கழற்றிய எதையும் அண்ணன் எறிந்ததில்லை. எல்லாம் மாடிப்படியின் அடியில் தமிழ் நாளிதழில் சுற்றப்பட்டு இருந்தன. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை அவிழ்த்தோம். ஒவ்வொரு பொருளிலும் பழைய செய்தி ஒன்று இடவலம் மாறி அச்சாகியிருந்தது. ஒற்றைக் கார்புரேட்டர் திரும்பியது. ஒடுங்கிய புகைக்குழாய் திரும்பியது. கார் வாயை மூடிக்கொண்டது. வெட்டிய ஸ்பிரிங்குகளை மட்டும் திருப்ப வழியில்லை. அவற்றுக்காக மீண்டும் புக்கிட் மெர்தாஜாம் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அண்ணனைப் பார்த்தார். மலாயில் கேட்டார்:

"போன வருசம் வெட்டினே, இப்ப நீளம் வேணுங்கறியா? ஸ்பிரிங் என்ன தலைமுடியா லா, தானா வளர?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய், வெட்டப்பட்ட ஏதோ ஒரு காரிலிருந்து நான்கு ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து போட்டார். அவற்றைப் பொருத்தியபோதும் அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். அன்று கண்மூடி நெடுநேரம் நின்றார்.

கடைசியாகப் பின்னிருக்கையை நானும் அண்ணனுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு வழிவிட்டார். கியர்பெட்டியை மட்டும் அண்ணன் மாற்றவில்லை.

காரைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளன்று கடல் வற்றியிருந்தது. பெரிக்குக் காத்திருக்கும் வரிசையில் அண்ணன் இறங்கி, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தள்ளி ஒக்காரு. நீ ஓட்டு."

"இது பாலம் இல்லையே அண்ணே."

"இருக்கறதுல ஓட்டு."

சாய்தளத்தில் இறங்கினேன். தோள்களைக் குறுக்கி, பற்களைக் கடித்து, அந்தக் கரகரப்புக்குக் காத்திருந்தேன். முன்சக்கரம் தளத்தைத் தொட்டது, பின்சக்கரமும் தொட்டது. ஓசை எதுவும் எழவில்லை. ஊழியர் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"என்ன தம்பி, கோரப்பாய் எந்திரிச்சு நின்னுடுச்சு!" என்றவர், குனிந்து என்னைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஓ, தங்கச்சியா? வாங்க, வாங்க. நேரா வாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "வித்தாச்சுண்ணே," என்றார். ஊழியர் காரின் கூரையை இரண்டுமுறை தட்டிவிட்டு அடுத்த காரைக் கவனிக்கப் போனார்.

அக்கரையில் தெற்கே போகும் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சுங்கை பாக்காப்பை நெருங்கும்போது இருபுறமும் தோட்டம் வந்தது, சாலை நேரானது, எதிரே ஒன்றும் வரவில்லை. நான்காவது கியரில் எஞ்சின் சற்றே இரைந்தது. அண்ணன் முன்னால் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"இப்பப் போடு. அஞ்சாவது."

இடக்கை கியரின்மேல் இருந்தது. கிளட்சில் காலும் இருந்தது. மாலைகளில் எத்தனையோ முறை போய்வந்த வழி. ஆனால் பாலத்துக்கென்று சொன்ன ஒன்றை இங்கே, ஒரு தோட்டத்துச் சாலையில், விற்ற காரில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. போட்டுவிட்டால் நாங்கள் காத்திருந்தது இதற்குத்தான் என்று ஆகிவிடும். கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார்.

வாத்தியார் வீட்டு வாசலில் எஞ்சின் நிற்கும் முன்பே மூன்று பிள்ளைகளும் பின்னிருக்கையில் ஏறி, யார் சன்னலோரம் என்று சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தார். கியரில் வந்து நின்றார்.

"சார், இதுல அஞ்சு இருக்கு. வலது பக்கம் தள்ளி மேல."

"அஞ்சாவதா? அது எதுக்குத் தம்பி?"

"பாலத்துக்கு சார்."

வாத்தியார் கருணையோடு சிரித்தார். "நமக்கு நாலே போதும். ஸ்கூலு அதோ தெரியுது பாருங்க."

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டில் அம்மா, இருக்கை இருந்த இடத்தில் வெறுந்தரையில் அமர்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இருக்கையில் நகர்வதைப் போலவே சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

பாலம் திறந்தபோது அண்ணன் சிங்கப்பூரிலும் நான் கோலாலம்பூரிலும் இருந்தோம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் வரும் பஸ் அதன்மேல்தான் வருகிறது. முதல் முறை வந்த அன்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார்:

"பாலத்துல வந்தியா? எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு அண்ணே."

"டிரைவர் கியர் மாத்தினாரா?"

"ஏறினப்புறம் ஒரு தடவ. அப்புறம் எறங்குற வரைக்கும் கையே வைக்கல."

"அதான்," என்றார் அண்ணன். "அதான் சொன்னேன்."

இப்போதும் பிறையைத் தாண்டிப் பஸ் பாலத்தில் ஏறும்போது நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன். ஓட்டுநர் கியர் மாற்றுவார். எஞ்சினின் இரைச்சல் தணியும். வடக்கே, வெகுதொலைவில், பெரி ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருக்கும். தீவை அடையும்வரை என் இடக்கை மடியில் பாதி மூடியபடி இருக்கிறது.