தொலைக்காட்சியில் அப்பா எடுத்த அடி

ஞாயிறு பின்னேரம் பறையும் உடுக்கும் சேர்ந்து முழங்கினால், மண்கும்பானில் எங்கள் வீட்டு விறாந்தையில் மீன் செதில் காயாத கைகளோடு ஆட்கள் வந்து குந்திவிடுவார்கள். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் ‘ஊர்ப்பாட்டு’ நிகழ்ச்சிதான் அது. நான் முதலாம் வகுப்புக்குப் போன காலத்திலிருந்து பதினோராம் வகுப்பில் ஓ.எல். பரீட்சை எழுதும்வரை காவடிப்பாட்டு, வில்லுப்பாட்டு, இடையிடையே பகிடி என்று கிழமை தவறாமல் வந்தது.

அப்பா கரைவலைத் தொழிலாளி. வலை இழுக்கும்போது பாடும் ‘அம்பா’வில் அவர்தான் அடி எடுப்பார், கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று மறுமொழி சொல்வார்கள். ஒருநாள் தொலைக்காட்சியில் யாரோ பாடியதைக் கேட்டு, “இவன்ர பாட்டுக்கு ஒரு சூடைமீனும் வராது” என்றார் அப்பா. “அப்ப நீர் போய்ப் பாடுமன்” என்று சீண்டினார், அவரோடு வலை இழுக்கும் ராசன் அண்ணை.

அப்பாவும் ஓம் என்றார். எங்கள் வீட்டில் நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘தனியா, குழுவா’ என்று கேட்ட இடத்தில், அப்பாவைக் கேளாமலே ‘தனி’ என்று எழுதினேன். பள்ளிக்கூடப் போட்டிகளில் தனிப்பாட்டுக்குத்தான் மதிப்பு. அந்த மதிப்பு அவருக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒளிப்பதிவுக்குத் தனியே பஸ்ஸில் போய்வந்த அப்பா, “ஓம், பாடினனான்” என்றதோடு சரி. ஒளிபரப்பு நாளன்று எல்லோரும் கூடியிருக்க, அவர் மட்டும் உள்ளே வராமல் முற்றத்தில் நின்றார்.

வெள்ளைச் சட்டையோடு திரையில் தோன்றினார். “கொண்டல் காத்து வந்திட்டுது” என்று அடி எடுத்தார். பிறகு, வழக்கம்போல, மறுமொழிக்காக நின்றார். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டை மறந்துவிட்டார் என்று நினைத்த அறிவிப்பாளர், “பரவாயில்லை ஐயா, பதட்டம்தான்” என்று கைதட்டி அடுத்தவரை அழைத்துவிட்டார்.

“அம்பாவுக்கு ஆரப்பா இந்த மனுசனைத் தனிய அனுப்பினது?” என்று கத்தினார் ராசன் அண்ணை. எனக்குக் காது சுட்டது.

“நான்தான் தனிய எண்டு சொன்னனான்,” முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “நீங்களும் வந்தால் இஞ்ச வலையை ஆர் இழுக்கிறது?”

இன்றுவரை அவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நிகழ்ச்சி நின்று வருடங்களாகிவிட்டன. அந்தக் கேபிள் வயரில் இப்போது அம்மா உடுப்புக் காயப்போடுகிறா. ராசன் அண்ணை கனடாவில். போன மாதம் யாரோ பழைய ‘ஊர்ப்பாட்டு’த் துண்டுகளை இணையத்தில் போட்டிருக்க, அப்பாவுக்குப் போனில் காட்டினேன். அதே வெள்ளைச் சட்டை, அதே அடி, பிறகு அந்த மௌனம்.

“ஏலேலோ” என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு நாளும் எங்கையடா நிண்டனி?” என்றுவிட்டு, அடுத்த அடியை எடுத்தார்.