அப்பாவின் படம் இல்லாத மலர்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரை வாங்கியதும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் அப்பாவின் படம் இல்லை. உள்ளேயும் இல்லை. அச்சகத்தார் மறந்துவிடவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கான காரணத்தை எழுதும்படி என்னிடம் சொன்னதும் அவர்தான். அண்ணனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்டார். நல்லதை மட்டும் எழுதினால் அது அப்பாதானா என்று வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றேன்.

அப்பா கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் பிறந்தார். தாத்தா அங்கே ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். அப்பாவுக்குப் பத்து வயதானபோது தாத்தாவின் கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. ஆலை மேலாளர் கடிதம் கொடுத்தால்தான் கிளினிக்கில் காசு கேட்காமல் பார்ப்பார்களாம். அப்பாவை மேலாளர் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்று, மத்தியானம் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். தாத்தாவின் கை பிழைத்தது. இந்தக் கதையை அப்பா எங்களிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்தைத்தான் புகழ்வார். கை நசுங்கிய மனிதனின் பிள்ளை எதற்காக அரை நாள் வெயிலில் நிற்க வேண்டும் என்று நான் கேட்டால் எரிச்சல்படுவார். நின்றதால்தான் கிடைத்தது என்பார்.

பள்ளிப் படிப்பை முடித்துத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்து வேலைக்குக் கிராணியாகச் சேர்ந்தார். அம்மாவை மணந்து, ஆயர் ஈத்தாமில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அம்மா காலமான பிறகு சமையலையும் கற்றுக்கொண்டார். அவருடைய சாம்பாரைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. சாப்பிட்டவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றாக எழுதுவார் என்பதால், இந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் எங்கள் வட்டாரச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். வியாதியில் விழுந்தவர்களுக்கு உதவி வாங்கிக் கொடுப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை.

உதவி வாங்கும் முறை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிறுநீரகம் கெட்டவரோ, இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தையோ, யாராக இருந்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும். படம் பத்திரிகையில் வரும். கொடையாளர் ஒருவர் கிடைப்பார். பிறகு இன்னொரு படம். அதில் நோயாளி நடுவில் இருப்பார், அவரைச் சுற்றிச் சங்கத்தார் நிற்பார்கள், எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்திருப்பார்கள். எங்கள் சங்கத்தின் மாதிரிக் காசோலை எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. தொகையை மார்க்கரில் எழுதி, படம் எடுத்து முடித்ததும் அப்பா ஈரத்துணியால் துடைத்து வைப்பார். அதைக் காடியின் பின்சீட்டில் போட்டு ஓட்டிக்கொண்டு எத்தனையோ வார்டுகளுக்குப் போயிருக்கிறார். பத்திரிகையில் வந்த படங்களையெல்லாம் வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கோப்பில் இருந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். அது அப்பாவின் உழைப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்கும் அவருக்கும் இதில்தான் சண்டை வரும். நான் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனி அட்டையைக் காட்டிவிட்டுக் கிளினிக்குக்குள் போகிறேன், யாரும் என்னைப் படம் எடுப்பதில்லை. சம்பளம் இல்லாதவருக்கு மட்டும் எதற்கு இந்தக் கூத்து, வைத்தியம் எல்லாருக்கும் உரிமையாக இருக்க வேண்டாமா என்று கேட்பேன். அப்பா சிரிப்பார்.

“உரிமை உரிமைன்னு பேசலாம்மா. யாரு கொடுப்பா? கேட்டாத்தான் கொடுப்பாங்க. கேக்கத் தெரியாதவங்களுக்காக நான் கேக்கிறேன்.”

அண்ணன் அப்பா பக்கம் பேசுவார். அவர் லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். எதுவும் சும்மா வருவதில்லை, எல்லாம் யாரோ கட்டும் வரிதான், எல்லாமே இலவசம் என்றால் வரிசை இன்னும் நீளும் என்பது அவர் வாதம். அதிலும் உண்மை இருந்தது. என்னால் அவரை மடக்க முடிந்ததில்லை.

எங்கள் மேல்மாடியில் ஓர் அம்மா குடியிருக்கிறார். தையல் தொழில். தனியாள். அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஏன் என்பது சற்று நேரத்தில் புரியும். காலை எட்டு மணிக்கு அவருடைய தையல் இயந்திரத்தின் சத்தம் எங்கள் கூரையில் கேட்கத் தொடங்கும். அதைக் கேட்டுத்தான் அப்பா தேநீர் போடுவார். அம்மாவின் கடைசிப் புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். கூலி வாங்கவில்லை.

ஒருநாள் பசாருக்குக் காய்கறி வாங்கப் போனவர் ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கட்டணம் பெரிதில்லை. ஆனால் எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே வைக்கும் தகட்டை நோயாளியே வாங்க வேண்டும் என்றார்கள். அந்தத் தொகை தையல்காரரின் கையில் இல்லை. தாதி ஒருவர் சமூகநலப் பிரிவில் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அப்போது கட்டிலருகில்தான் இருந்தார். விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தால் வாரக்கணக்கில் ஆகும், பத்திரிகை என்றால் மூன்று நாளில் முடிந்துவிடும், நீங்கள் எங்கும் போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த அம்மாவும் நம்பிப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் அப்பா, முதல் படம் இல்லாமலே சம்மதித்த பழைய கொடையாளர் ஒருவரோடும் மாதிரிக் காசோலையோடும் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கொடையாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் நின்றார். படம் எடுப்பவர் ஜன்னல் திரையை விலக்கினார். அப்பா காசோலையின் ஒரு முனையை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது. கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அண்ணே, என் காலுதான் ஒடஞ்சிருக்கு. என் மூஞ்சிய எதுக்குக் கேக்கிறீங்க?”

கொடையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமினார். கையில் காசில்லாதபோது இவ்வளவு ரோஷம் எதற்கு, கொடுக்கிறவருக்கு ஒரு படம்கூடக் கிடைக்காவிட்டால் நாளைக்கு யார் கொடுப்பார்கள் என்றார். இனிமேல் அந்த விஷயத்தில் தலையிட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நானும் திட்டினேன். ஆனால் திட்டியதோடு சரி. சமூகநலப் பிரிவைத் தேடி நான் போயிருக்கலாம், போகவில்லை. அப்பாவோடு பேசாமல் இருப்பதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாவுக்கட்டுப் போட்டு, தகடு ஏற்பாடானதும் வாருங்கள் என்று அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மாடியில் மின்தூக்கி நிற்காது. அடுத்த வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்துப் படியேற்றினார்கள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

காலை எட்டு மணிக்கு மேலே சத்தம் இல்லை. அப்பா தேநீர் போட மறந்தார். மறுநாளும் அப்படியே. தொடர்ந்து இரண்டு வாரம் கூரை அமைதியாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அப்பா சட்டை மாற்றிக்கொண்டு மேலே போனார். எதற்காக வந்தார் என்று அந்த அம்மா கேட்கவில்லையாம். உட்காரச் சொல்லியிருக்கிறார். பிறகு, பாரம் எழுதியாகிவிட்டதா அண்ணே என்று கேட்டிருக்கிறார். படத்துக்கு மறுத்ததோடு அப்பா கைவிட்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு வழியில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது இரண்டு முறை. ஒன்று அம்மாவுக்காக, மற்றொன்று இதற்காக.

அன்றைக்கே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவுக்குப் போனார். சங்கத்தின் முத்திரை குத்திய சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் உட்கார்ந்து, தம் முறை வந்ததும் கடிதத்தை நீட்டினார். அங்கிருந்த மலாய்ப் பெண் அதிகாரி அதைப் படித்துவிட்டு, இது தேவையில்லை என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். டாக்டரின் குறிப்பும் அடையாளக் கார்டின் நகலும் வருமான விவரமும் போதும் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சிபாரிசு கேக்கலம்மா. நான் யாருன்னுகூடக் கேக்கல. அந்தம்மாவுக்குக் காலு ஒடஞ்சிருக்கா, கையில காசு இல்லையா, அவ்வளவுதான் கேட்டாங்க.”

ஒப்புதல் வந்தது. அறுவைச் சிகிச்சையும் நடந்தது. ஆனால் தாமதத்தால் எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கியிருந்தது. டாக்டர்கள் முடிந்த அளவு சரிசெய்தார்கள். அந்த அம்மா இன்று நடக்கிறார், தைக்கிறார். வலது காலை மட்டும் சற்று இழுத்து வைப்பார். அந்த நடையின் சத்தம் எங்கள் கூரையில் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு வாரம் என்று மெல்லச் சொல்லிக்கொள்வார்.

மாதிரிக் காசோலையை அப்பா சங்கத்தில் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் பதவியையும் விட்டார். பத்திரிகைப் படங்கள் ஒட்டிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய், சமூகநலப் பிரிவின் வெளி நாற்காலியில் உட்கார்ந்து, மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுத்தார். அங்கேயும் குறை கண்டார். வறுமையை நிரூபிக்க இத்தனை தாள் எதற்கு, கூலிக்காரர் எத்தனை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வருவார் என்று கேட்பார். அண்ணன் பழைய வாதத்தை எடுத்தால், இப்போது அப்பா என் பக்கம் பேசினார்.

“கட்ட முடிஞ்சவன் கட்டட்டும், நான் வேணாம்னா சொல்றேன்? முடியாதவன் வந்தா மொதல்ல வைத்தியத்தப் பாரு. ஒரு நல்ல மனுஷன் கெடைச்சாத்தான் பொழைப்பான்னு இருக்கக் கூடாதுப்பா. அந்த நல்ல மனுஷனுக்கு ஒருநாள் கோவம் வந்துட்டா?”

இத்தனை வருஷம் நான் பேசிய உரிமைப் பேச்சில் இந்த ஒரு கேள்வி இருந்ததில்லை.

கடைசியில் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. தனியார் மருத்துவமனைக்கு அண்ணன் அழைத்தார். அப்பா தாம் பாரம் எழுதிய அதே இடத்தில், மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கிறேன் என்றார். சங்க நண்பர்கள் பழக்கூடையோடு பார்க்க வந்தார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்தார். அப்பா கையைத் தூக்கி, “பழத்த வெச்சிட்டுப் போங்க, படம் வேணாம்லா” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு என்னை அருகில் கூப்பிட்டார். மலர் போடுவீர்கள் என்று தெரியும், அதிலும் பத்திரிகையிலும் என் முகம் வேண்டாம், நான் நிறையப் பேர் முகத்தைக் கேட்டு வாங்கியவன் என்றார். அந்தம்மா கதையை எழுது, பெயர் போடாதே என்றார். நான்கு நாள் கழித்து, நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார்.

அந்த வார்டின் டாக்டர்களுக்கும் தாதியருக்கும், அப்பாவைக் குளிப்பாட்டிய பணியாளர்களுக்கும், வேலைக்கு நடுவே சோறு கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பழைய மனத்தாங்கலை மறந்து வந்து நின்ற சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதவில்லை. மன்னியுங்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் மேல்மாடி அம்மா படியிறங்கி வந்தார். உங்கப்பா படம் ஒன்று இருந்தால் கொடு என்றார். அப்பா படமே வேண்டாம் என்று சொல்லியிருந்ததை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அது ஊருக்குக் காட்ட வேணாம்னாரு. நான் எனக்காகத்தானே கேக்கிறேன். தைக்கும்போது எதிர்ல இருந்தா நல்லாருக்கும்.”

கொடுத்தேன். இந்தக் கட்டுரையையும் அவரிடம் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம். எட்டு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும்போது அப்பா இப்போது அங்கேதான் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் மேலே போகலாம். ஆனால் முதலில் அந்த அம்மாவிடம் கேளுங்கள்.