பீப்பாய்க்கு முன்னால் இறங்கியவன்

அன்று அலுவிகாரைச் சந்தியில் எனக்காக நின்றவர்கள் ஐந்து பேர். அம்மா, அக்கா, அக்காவின் இடுப்பில் அவளுடைய ஒரு வயது மகள், நான் வேலை செய்த பேக்கரியின் முதலாளி, சைக்கிள் கடை நானா. தானும் நின்றதாக மாமா இன்றைக்கும் சொல்கிறார். அவர் நிற்கவில்லை. மிளகு வாங்க யட்டவத்தைக்குப் போயிருந்தார்.

பதினெட்டு வயதைத் தாண்டாதவர்களுக்கான நான்கு நாள் சைக்கிள் ஓட்டம் அது. மலேசியா, இந்தியா, பங்களாதேஷிலிருந்தெல்லாம் அணிகள் வந்திருந்தன. ஏதோ ஒரு நாட்டு அணி கடைசி நேரத்தில் வராமல் போக, எங்கள் மாகாணத்தில் ஓடுகிற ஐந்து பேரைப் பிடித்து ஓர் அணியாக்கினார்கள். ஐந்தாவது ஆள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று வருடமாகக் கேரியரில் பேக்கரிப் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேடு ஏறிய கால்தான் என் தகுதி.

ரேஸ் டயர் வாங்க வழியில்லை. நானா இரண்டைக் கடனாகப் போட்டுத் தந்தார்.

"ஆயிரத்தி நானூறு. ஓடி முடிச்சிட்டு வா மகன், கணக்கப் பொறவு பாப்போம்."

மூன்றாம் நாள் ஓட்டம் குருநாகலில் தொடங்கி, கலேவெல, தம்புள்ளை வழியாக மாத்தளையில் முடியும். முதல் ஆள் வந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் வந்து சேராதவன் நான்காம் நாள் ஓட முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த நான்காம் நாள்தான். எங்கள் ஊரிலேயே வைத்து என் முதுகு நம்பரைக் கழற்றச் சொல்லிவிட்டால், மறுநாள் அதே தெருவில் பாண் பெட்டியோடு எந்த முகத்தோடு போவது?

வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா கேட்டதோ வேறு.

"ஐசிய எடுத்துக்கிட்டியாடா?"

"ரேஸ்ல யாரும்மா ஐசி கேக்கப் போறாங்க?"

"கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அம்மா கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வைத்திருந்தேன். கவலைப்படுவதில் நான் அம்மாவின் பிள்ளை. சண்டை நிறுத்தம் வந்து ஒரு வருடம் ஆகியும், சோதனைச் சாவடிகளின் மண் மூட்டைகள் இருந்த இடத்தில்தான் இருந்தன.

தம்புள்ளை தாண்டும் வரை முப்பது பேர் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தேன். அடுத்தவன் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் காற்று அடிக்காது, கால் நோகாது. என்னைவிட நல்ல சைக்கிளில் வந்தவர்களும் மூச்சு வாங்குவதைப் பார்த்தபோது, கவலை கூடக் கொஞ்சம் விட்டிருந்தது.

நாவுலைக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடி. தார்ப் பீப்பாய்கள், மண் மூட்டைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு ஆமிக்காரர். அவர் கையைத் தூக்கினார்.

என் கை பிரேக்கைப் பிடித்தது. முதல் பீப்பாய்க்கு முன்னால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போய், ஜெர்சியின் முதுகுப் பையிலிருந்து ஐசியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். பாண் பெட்டியோடு தினமும் ஊர்ச் சாவடியில் செய்தது அதைத்தான். அவர் அதை வாங்காமல் என்னைப் பார்த்த பிறகுதான், மற்ற இருபத்தொன்பது பேரும் நிற்காமல் போய்விட்டார்கள் என்பது உறைத்தது. அவர் கையைத் தூக்கியது எங்களை உற்சாகப்படுத்த.

"பிஸ்ஸுத மல்லி?" என்றார். பைத்தியமா தம்பி என்று.

சாவடியில் வழக்கமாகச் சொல்வதுபோல், மாத்தளை என்று என் ஊரைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துவக்கைத் தோளில் மாட்டினார். என்னை ஏறச் சொல்லி, சீட்டைப் பிடித்துத் தள்ளியபடி, அந்தக் கனத்த பூட்ஸோடு இருபது முப்பது அடி ஓடி வந்தார்.

அதன் பிறகு மாத்தளை வரை தனி ஆள். மேடு, எதிர்க்காற்று, உச்சி வெயில். அவசரத்தில் ஐசியைக் காற்சட்டையின் தொடைப் பட்டிக்குள் செருகியிருந்தேன். அதன் முனை ஒவ்வொரு மிதிக்கும் குத்தியது. குத்தாத நேரத்தில் விழுந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். வெளியாள் தள்ளிவிட்டால் தண்டனை உண்டு என்று கோச் சொன்னது நாலந்தையில் ஞாபகம் வந்தது. பின்னால் வந்த நடுவர் மோட்டார் சைக்கிளில் இருந்தவர் என்னை முந்தும்போது புன்னகை செய்தார். அது நல்ல புன்னகையா கெட்ட புன்னகையா என்று பலாபத்வலை வரை யோசித்தேன்.

மாத்தளைக்குள் நுழைகிற அலுவிகாரைச் சந்தியில் அந்த ஐந்து பேர். நானா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட ஓடி வந்தார்.

"மொத ஆள் போயி இருவத்தி நாலு நிமிஷம் மகன். மிதி."

முதலாளி, "பாண் ஆறுது, பாண் ஆறுது," என்று கத்தினார். தினமும் காலையில் என்னை விரட்டும் அதே வார்த்தை. அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ஐசி இருக்காடா?"

"இருக்கும்மா."

மாத்தளையில் கோட்டைத் தாண்டியபோது இருபது வினாடி மிச்சம் இருந்தது. தண்டனை எதுவும் இல்லை. நான்காம் நாளும் ஓடினேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் வந்தார்கள்.

சம்பளம் வாங்கியதும் முதல் தவணையோடு கடைக்குப் போனேன். நானா காசை வாங்கவில்லை. சாவடியில் நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"காசு வாணாம். ஒவ்வொரு நோம்புப் பெருநாளைக்கும் ஊட்டுக்கு வந்து இதச் சொல்லு. ஒரு வாட்டிக்கு அம்பது கழிச்சிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறு பெருநாளுக்குப் போனபோது கடன் கணக்குக் கொப்பியில் என் பெயருக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார். இதுவரை பத்தொன்பது முறை சொல்லியாயிற்று. ஒரு வருடம் ஆமிக்காரரின் பூட்ஸை விட்டுவிட்டேன். வட்டிலப்பத் தட்டை என் பக்கம் தள்ளியபடி, "பூட்ஸ் எங்க மகன்?" என்று கேட்டு, இருபத்தைந்துதான் கழித்தார்.

நானாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை. அதனால் இந்தப் பெருநாளுக்கும் பூட்ஸை மறந்துவிடலாம் என்று இருக்கிறேன். பாக்கி நானூற்று எழுபத்தைந்து ரூபாய்.