வேலையை விட்ட காரணம்

இன்று காலை சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் முனுசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வேலை பார்த்த மாங்கூழ் கம்பெனியில் லாரி ஓட்டியவர்.

"இப்பல்லாம் ஏது சார் லாரி? நம்ம சரக்கையும் பக்கத்து அட்டைப்பெட்டி கம்பெனி சரக்கையும் ஒரே வண்டில ஏத்துறாங்க. எங்க நாலு பேரை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. எவனோ ஃபேன் கீழ உக்காந்துக்கினு கோடு போட்டுக் குடுத்திருக்கான். நல்லா இருக்கட்டும்."

கோடு போட்டவன் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் லாரிச் செலவைக் குறைக்க வழி கேட்டு கம்பெனியில் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் லாரி சென்னைத் துறைமுகத்துக்கு நிரம்பிப் போய்க் காலியாகத் திரும்பும். அட்டைப்பெட்டி கம்பெனி லாரி காலியாகப் போய்க் காகித உருளைகளோடு வரும். இரண்டையும் ஒன்றாக்கி அட்டவணை போட்டேன். டீசல் மிச்சம், புகையும் குறைவு, அது பொய்யில்லை. அதற்காகக் கம்பெனியில் எனக்குச் சால்வை போட்ட படத்தை இதே பக்கத்தில்தான் உங்களோடு பகிர்ந்தேன்.

முனுசாமியிடம் அதைச் சொல்லாமல், எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

திருப்பதியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை கேட்கப் போகிறாராம். இங்கிலீஷ் விண்ணப்பத்தை நீட்டினார்.

"நீங்க எழுதினா ஒரு தப்பும் இருக்காது சார்."

வரிசையாக நிரப்பினேன். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"இன்னா சார் கேக்கறான்?"

சொன்னேன்.

"பாக்க நல்லா இருக்கிற மாரி ஒண்ணு போடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

'சொந்த விருப்பம்' என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு நன்றி சொன்னார்.

வேறென்ன எழுதியிருக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படிவம் இந்நேரம் லாட்ஜ் மேனேஜரிடம் போயிருக்கும். எனக்காகத்தான் கேட்கிறேன்.