இருபத்தேழாம் இலக்கத்துக்குப் போட்ட சிலுவை

டீச்சரின் அடக்கப் பூசைக்கு வந்திருந்தவர்கள்: அவருடைய மகள், இரண்டு பேரப் பையன்கள், வெள்ளவத்தை மாடிவீட்டுக் காவலாளி, கொட்டாஞ்சேனையில் அவரிடம் நாலாம் வகுப்புப் படித்த பன்னிரண்டு பெண்கள், நான். வராதவர்கள்: கனடாவில் இருக்கும் மகன், அவருக்கு லீவு கிடைக்கவில்லை; பிறகு என் அம்மா.

இப்படித் தொடங்கினால்தான் டீச்சருக்குப் பிடிக்கும். நாலு பேர் கூடின இடத்தில் முதலில் வரவு பார்க்கிறவர் அவர். அம்மா அன்று திருச்சியில், தன் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் டீச்சரால்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்குளியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா கார்மென்ட்ஸில் நூல் வெட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டுக்கு வருகிற கடிதம், நிரப்ப வேண்டிய போர்ம் எல்லாம் என் தலையில். அப்படித்தான் பெரியம்மாவின் செய்தியும் முதலில் என் போனுக்கு வந்தது. பெரியம்மா கல்யாணம் முடித்த கையோடு, புருஷன் வீட்டாருடன் கப்பலேறி இந்தியா போனவர். அப்போது அம்மாவுக்கு ஏழு வயதோ எட்டு வயதோ. அதன் பிறகு இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. இப்போது பெரியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. "ஒரு தடவை அவ மூஞ்சியப் பாத்துட்டா போதும்" என்று வீடியோவில் சொன்னார். அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அம்மா பிறந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், ஒற்றை அறை வீட்டில். யாரும் பதியவில்லை. அடையாள அட்டைகூட, உத்தேசமாக ஒரு வயது போட்டுக் கொடுத்ததுதான். பதிவாளர் கந்தோரில், பழைய பள்ளிக்கூடப் பதிவு ஏதாவது கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்துப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாம். அங்கிருந்த வயதான பியோன்தான் சொன்னார்: "அந்த டீச்சர்ட்டக் கேட்டுப் பாருங்க. அவங்க எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சிருக்கிறவங்க. இப்ப வெள்ளவத்தையில மகளோட இருக்கிறாங்க."

கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. நாங்கள் போன நேரம் பின்னேரச் செபம். கதவைத் திறந்த மகள் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் போய் முழந்தாளிட்டார். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெலிந்த வெள்ளைச் சேலைக்காரர் கொப்பியும் பென்சிலுமாக நாற்காலியில் இருந்தார். முதலில் வீட்டாருக்கு வரவு.

"பெரியவன்?"

"உள்ளேன் அம்மம்மா."

"சின்னவன்?"

"அவன் பாத்ரூமில உள்ளான்" என்றான் பெரியவன். "அம்மம்மா, கடவுளுக்கு எங்கட வரவு தெரியாதே? ரெஜிஸ்டர் மார்க் பண்ணினாத்தான் தெரியுமே?"

"அவருக்குத் தெரியும். எனக்குத்தான் மறந்து போகும். வாயை மூடிக்கொண்டு கும்பிடு."

பிறகு அவர் படிப்பித்த ஒரு வகுப்பின் பெயர்களை ஒன்றொன்றாக வாசித்தார். ஒரு நாளைக்கு ஒரு வருடத்து வகுப்பு. முப்பத்திரண்டு வகுப்பும் முடிய, திரும்ப முதலிலிருந்து. நடுவில் ரயில் போனது. அது போய் முடியும்வரை நிறுத்தி, விட்ட பெயரிலிருந்தே தொடங்கினார். பாத்ரூமிலிருந்து வந்த சின்னவனுக்குப் பிந்தி வந்ததாகக் குறித்தார்.

செபம் முடிந்து நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். அம்மா எந்த வருடம் என்று சொல்லத் தெரியாமல், "கலவரம் வந்துச்சே டீச்சர், அந்த வருசம் நாலாம் வகுப்பு" என்றார். டீச்சர் அலுமாரியைத் திறந்தார். கொப்பிகள் துணியில் சுற்றி, கற்பூர வில்லை போட்டு வைக்கப்பட்டிருந்தன. விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். இலக்கம் இருபத்தேழு. அம்மாவின் பெயர். பிறந்த திகதி. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சிலுவை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ செத்துப்போனாயெல்லே?"

"இல்லைங்க டீச்சர். மட்டக்குளியில தாங்க இருக்கேன்."

"மட்டக்குளியோ? எத்தினை வருசமா?"

"கேம்புல இருந்து வந்த நாள்லருந்து. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் வரவே இல்லைங்க."

கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிக்கு ஒரே பஸ். பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அவன் தொடையில் கிள்ளினார்.

கலவரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சரின் வகுப்பில் பாதி இடம் காலி. ஊருக்குப் போனவர்கள், கப்பலேறினவர்கள், முகாமில் இருந்தவர்கள். அம்மாவின் ஒழுங்கை முழுதும் எரிந்துவிட்டது, அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் அழுதிருக்கிறார், சிலுவை போட்டிருக்கிறார். அந்த வகுப்பில் அப்படி மூன்று சிலுவை. ஒவ்வொரு கார்த்திகையும், மரித்தவர்களுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கிற மாதத்தில், மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியே பூசை கொடுத்து வந்திருக்கிறார். ஒரு வருடமும் தப்பவில்லை. அம்மாவுக்கு மட்டும் நாற்பத்தொரு பூசை.

அம்மா சைவம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் தப்பாது. அவருக்கு இதைக் கேட்டுக் கோபம் வருமோ என்று நான் பயந்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அதாங்க டீச்சர், எத்தனை காய்ச்சல் வந்தும் நான் சாகல. எல்லாம் உங்க பூசைதான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "நான் உன்னைத் தேடிப் பார்க்கேல்லைப் பிள்ளை. ஆரோ சொன்னதைக் கேட்டு, செபிச்சுப்போட்டு இருந்திட்டன். பஸ்ஸில ஏறி வந்திருக்கலாம்." சிவப்புப் பேனையை எடுத்தார். சிலுவையை வெட்டவில்லை, அதற்குப் பக்கத்தில் 'பிழை. உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கொப்பியில் இருந்த பிறந்த திகதிக்கும் அடையாள அட்டைக்கும் இரண்டு வருட வித்தியாசம். பதிவாளர் கந்தோரில் இருந்த அய்யா நல்ல மனிதர். டீச்சர் தன் முழங்கால் வலியோடு படியேறி வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார். பிறகு, அரைவாசி சிங்களமும் அரைவாசித் தமிழுமாக, அட்டையில் இருக்கிற திகதியையே டீச்சரும் எழுதித் தந்தால் வேலை சுருக்காக முடியும் என்றார். "மிஸ், சின்ன விசயம்தானே."

"நான் பார்த்ததைத்தான் எழுதுவன் மகன்."

"மிஸ், ஷுவர்த? நிச்சயமாத் தெரியுமா? நாப்பது வருசம்."

"இந்தப் பிள்ளையைச் சேர்க்கேக்கை திகதி ஒருத்தருக்கும் தெரியாது. பேறு பார்த்த மருத்துவிச்சியின்ட வீட்டுக்கு நானே போய், அவவின்ட கொப்பியைப் பார்த்து எழுதினனான். அது சரியான திகதி. நான் ஒருக்காத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி, இவளை நாப்பது வருசம் சாகடிச்சு வச்சிருந்தனான். இனி எழுத மாட்டன்."

அந்த அய்யா கொப்பியை வாங்கிச் சிலுவையையும், பக்கத்திலிருந்த திருத்தத்தையும் நெடுநேரம் பார்த்தார். "அப்ப இவதான் அவ எண்டு எப்பிடிச் சொல்றது?" என்றார்.

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கந்தோர் முழுக்கக் கேட்கிற குரலில், "இருபத்தேழு!" என்றார்.

வரிசையில் நின்ற என் அம்மா, ஐம்பது வயதுப் பெண், கைகளை முன்னால் கட்டி, குதிக்கால் சேர்த்து, "உள்ளேன் டீச்சர்!" என்றார். யோசித்துச் செய்ததில்லை. அவருக்கே வெட்கமாகிவிட்டது. அய்யா சிரித்துக்கொண்டு கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுத்தார்.

ஆனால் சட்டம் சட்டம்தான். முதலில் பதிவு, பிறகு அடையாள அட்டைத் திருத்தம், அதன் பிறகே பாஸ்போர்ட். பெரியம்மாவுக்கு வாரத்துக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு டீச்சர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. "ஒரு வரி. ஒரே ஒரு வரி மாத்தி எழுதினா என்னவாம்?" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"சும்மா இரு தம்பி" என்றார் அம்மா. "எனக்குப் பொறந்த நாள் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. அதையும் பொய்யா எழுதச் சொல்றியா?" இறங்கும்போது, "ரெண்டு வயசு வேற குறைஞ்சிருச்சு" என்றார்.

ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. எந்தக் கந்தோர் எப்போது கூப்பிட்டாலும், சாட்சி சொல்ல வெள்ளவத்தையிலிருந்து திரீவீல் பிடித்து வந்தார். நான்கு தரம். நாங்கள் கூலி கொடுக்கப் போனால், "உங்கட ஆள் சாகேல்லை, இனிப் பூசைக் காசு மிச்சம்" என்று கையைத் தள்ளிவிடுவார். மற்ற இரண்டு சிலுவைகளையும் தேடினார். ஒரு சிலுவைக்குரிய பிள்ளையின் தம்பி இரத்மலானையில் கிடைத்தார்; அந்தப் பிள்ளை உண்மையாகவே அன்று இறந்துதான் போயிருந்தாள். மற்றதற்கு ஒரு தகவலும் இல்லை. அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதி, அந்தப் பெயரை உயிரோடு இருக்கிறவர்களுக்கான செபத்துக்கு மாற்றினார். நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ படித்தேன். தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்த ஒருவரை வெள்ளவத்தையில்தான் முதலில் பார்த்தேன்.

அம்மா திருச்சி போனார். பெரியம்மா உயிரோடு இருந்தார். இருவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்த படத்தை அங்கிருந்து அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள், செபத்தில் வரவு பார்த்துக்கொண்டிருந்தபோதே டீச்சர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்று மகளின் அழைப்பு வந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நான் வரல தம்பி" என்றார். "இங்க பாதியில விட்டுட்டு வந்தா டீச்சருக்குப் பிடிக்காது. நீ போய் எம் பேரச் சொல்லு." சொன்னேன், குழி மூடுகிற நேரத்தில், யாருக்கும் கேட்காமல்.

பெரியம்மா மூன்றாம் வாரம் போனார். கிரியை முடித்துத் திரும்பிவந்த அம்மா, மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் டீச்சர் பூசை கொடுத்து வந்த கோயிலுக்குப் போனார். கந்தோரில் இருந்த பெண், "எத்தினை பூசை?" என்று கேட்டார்.

"நாப்பத்தி ஒண்ணுங்க."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "ஒரேயடியா வேணாம் அக்கா. வருசத்துக்கு ஒண்டு குடுக்கலாமே?"

"அதுவரைக்கும் நான் இருப்பனோ என்னமோ. எழுதிக்கங்க."

டீச்சரின் பெயரை நான் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். ஒரு பூசை ஐந்நூறு. அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இருபதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.