வீட்டுக்காரர் பேர் வைத்த தெரு

எட்டு வருஷம் நான் என் வீட்டு முகவரியை வாயால் சொன்னதே இல்லை. அதற்குக் காரணம் ஒரு பந்து.

ஓசூரில் கம்பெனிகள் வந்த புதிதில், எங்கள் ஆட்கள் ஷிப்ட் முடிந்ததும் பொட்டலில் ஃபுட்பால் ஆடுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஆடி, ஒரு தடவை ஆனேக்கல் பக்கத்து ஆட்களை ஜெயித்துக் கோப்பையோடு வந்துவிட்டார்கள். எங்கள் நகரில் ஐந்து தெருக்களுக்கு அதுவரை பேர் இல்லை. எந்தத் தெருவில் எந்த ஆட்டக்காரர் குடியிருக்கிறாரோ அவர் பேரையே அந்தத் தெருவுக்கு வைத்துவிட்டார்கள். மஞ்சள் தகரப் பலகை, கறுப்பு எழுத்து. என் வீட்டுக்காரர் தன் பேர் எழுதிய பலகையைக் கடக்கும்போது கழுத்து திரும்பாது. கண் மட்டும் திரும்பும்.

பலகை வைத்த ஆம்பளைகள் ஒருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் "கோயில் பின்னாடி ரெண்டாவது தெரு" என்று சமாளித்தேன். ஆனால் அந்தப் பேர் வாயில் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை உண்டு. தோசை சுடும்போது உதட்டை மட்டும் அசைத்துப் பார்ப்பேன். சத்தம் வராது.

அப்புறம் ரோஜாப்பூ கம்பெனி வந்தது. பூவைத் தரம் பிரித்துக் கட்டப் பொம்பளைகள் வேண்டும் என்றார்கள். பந்து ஆடி ஆடி அவருக்கு முழங்கால் போய், பாதி நாள் படுக்கை. எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

வரிசையில் எனக்குப் பின்னால் கோல்கீப்பர் பெண்டாட்டி நின்றாள். அடுத்த தெருக்காரி. அவள் தெருவுக்கு அவள் புருஷன் பேர். குழாயடியில் என் குடத்தை நகர்த்தினாள் என்று மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் கன்னடக்காரர். என் பேரை எழுதிக்கொண்டு, "எந்தத் தெரு? பேக சொல்லம்மா" என்று அவசரப்படுத்தினார்.

"எங்க வீட்டுக்காரர் தெருங்க."

"அவர் பேரு என்ன?"

"மலைமேல இருக்கிற சாமி பேருங்க."

"நம்ம ஊரு மலையா?"

"இல்லீங்க. வேற மலை."

"எல்லா சாமியும் மலைமேலதாம்மா இருக்கு. தள்ளி நில்லு."

என் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கோல்கீப்பர் பெண்டாட்டியின் பேரை வேறு காகிதத்தில் எழுதினார். தெரு கேட்டதும் அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் வீடு இல்லாம ரோட்டுலயா இருக்கீங்க?" என்றார் கிளார்க்.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, என் வீட்டுக்காரர் பேரைப் பளிச்சென்று சொன்னாள். பிறத்தியாள்தானே, அவளுக்கு என்ன கூச்சம்? கிளார்க் எழுதினார். நானும் சும்மா இருக்கலாமா? அவள் புருஷன் பேரை இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதையும் எழுதினார்.

"எடுத்துக்கிட்ட ஆளுங்களுக்கு லெட்டர் வரும். லெட்டர் இல்லாம திங்கக்கிழமை கேட்டுல விடமாட்டாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை லெட்டர் வந்தது. நான் எழுத்துக் கூட்டுவதற்குள் விடிந்துவிடும் என்று வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர், "தெரு என்னோடது. பேரு கோல்கீப்பர் சம்சாரத்தோடது" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. என் தெருவை அவள் சொன்னபோது கிளார்க் கையில் இருந்தது அவள் காகிதம். அவள் தெரு என் காகிதத்தில் ஏறியிருக்கிறது. எனக்கு வேலை உண்டென்றால் என் லெட்டர் அவள் வீட்டில் இருக்கும். இல்லையென்றால், அவள் வேலையை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்ததாக ஆகும்.

"போய்க் குடுத்துட்டு வந்துடு" என்றார் அவர்.

ஒரு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பொய் சொல்வானேன். சனிக்கிழமை சாயங்காலம் லெட்டரை இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன். அவள் வாசலில் முறத்தை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, உங்களுக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

"எனக்கு எதுவும் வரல" என்றாள், தலையைத் தூக்காமல்.

திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். "வந்துருக்குது. எங்க வீட்டுக்கு."

அவள் முறத்துக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "உனக்கும் வந்துருக்குது. எங்க வீட்டுக்கு."

"நேத்துல இருந்து கல்லுப் பொறுக்குறீங்களாக்கா?"

"நீ வருவியா மாட்டியான்னு பாத்துட்டிருந்தேன்."

"வரலைன்னா?"

"திங்கக்கிழமை விடிய உங்க வாசல்ல நின்னு உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். தெருவே எந்திரிச்சு வந்திருக்கும். நான் சொல்லலாம்ல."

திங்கட்கிழமை ஒரே பஸ்ஸில் போனோம். கேட்டில் வாட்ச்மேன் லெட்டரை வாங்கி, "எந்தத் தெரு?" என்றார். அதில் எழுதியிருந்ததையே சொன்னேன். தடங்கல் இல்லாமல் வந்தது. அவளும் அப்படியே சொன்னாள். அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. வேலையை விடும்வரை கம்பெனி ரிஜிஸ்டரில் நான் கோல்கீப்பர் தெருவில்தான் குடியிருந்தேன்.