மூக்குப் பாறைக்கு அப்பால்

ஸ்பெயினின் வடக்கே எங்கள் அஸ்தூரியாஸ் கரையில், துணியில்லாமல் குளிக்க ஒதுக்குப்புறமான இடம் தேடி வருகிறவர்களைக் கடைக்காரர்கள் எலோய்னாவிடம் அனுப்பிவிடுவார்கள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி என்றாலே ஆகாது என்று எங்கள் கும்பலில் கேலி உண்டு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சிரிக்கும்போதும் அவள் கண் தண்ணீர் மேல்தான் இருக்கும்.

அந்தக் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. மழை பெய்த மறுநாள் யாரையும் கரைக்குப் போகும் சரிவில் இறங்க விடமாட்டாள், மண் இளகியிருக்கும். கடல் வற்றும்போது இறங்கி, ஏறத் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும். குன்றின் மேல் எவனாவது கேமராவோடு நின்றால், உடம்பில் நூல்கூட இல்லாமல் இடுப்பில் கைவைத்து அவனை முறைப்பாள். அவன்தான் வெட்கப்பட்டு ஓடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்குப் பாறையைத் தாண்டக் கூடாது. எங்கள் குடாவின் ஓரத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை அது. அப்பால் இன்னொரு சின்னக் கரை உண்டு. அதன் பின்னால் ஏற வழியில்லாத செங்குத்துச் சுவர். கடல் வற்றியிருந்தால் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்விடலாம். கடல் ஏறிவிட்டால் திரும்ப முடியாது. முழுதும் ஏறியபின் அந்தக் கரையே இருக்காது. அதனால் ஓயாமல் எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள்.

அவளுக்கு ஒரே தங்கை, ஒலாயா. ஹிஹோன் நகரில் பேருந்து ஓட்டுகிறவள். பெற்றோர் இறந்தபிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. போன குளிர்காலத்தில் புற்றுநோய்க்காக ஒலாயாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றினாள். கட்டுப் பிரிக்கக்கூட அக்காவை விடவில்லை. வசந்தம் முழுக்க எலோய்னா சூடான அவரைக் குழம்போடு போய் அந்தத் தாழிட்ட கதவின் முன் நின்றாள். உள்ளே தன் தங்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறாள் என்று அவளுக்குப் பட்டது. ஒரு தடவையாவது அவள் எங்களோடு வெயிலில் வந்து உட்கார வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

கோடை முடியும் நேரத்தில் ஒரு ஞாயிறு, ஒலாயா வந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த நீலச் சட்டையோடு எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஹெர்மானுக்குத்தான் வாய் சும்மா இராது.

"ஏம்மா, நாங்கல்லாம் ஒளிஞ்சு கிடக்கோம். உங்க சட்டை ஒண்ணுதான் ஊருக்கே தெரியுது," என்றார்.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. ஒலாயா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்துபோனாள்.

எலோய்னா அப்போது தூங்கிவிட்டிருந்தாள். தங்கை வந்துவிட்ட நிம்மதி. அவள் அந்தக் கரையில் கண்ணை மூடி நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. பாவம், தூங்கட்டும் என்று குரலைத் தாழ்த்திப் பேசினோம். எங்களுக்காக எப்போதும் தண்ணீரைப் பார்த்தவள் அவள்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

விழித்ததும் தலைகளை எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். ஒலாயா எங்கே என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூக்குப் பாறையின் அடியில் அலை ஏற்கெனவே இடுப்புயரம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் ஓடினாள்.

அப்பால் நடந்ததை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒலாயா உட்கார்ந்திருந்தாளாம். தனியாக இருந்தும் மேலே இரண்டு பொத்தானுக்கு மேல் அவிழ்க்க முடியவில்லை.

"எழுந்திரு. சட்டையைக் கழட்டு. நனைஞ்சா கனத்து உன்னைக் கீழ இழுத்துரும்."

"நீ போ அக்கா. நான் இங்கயே இருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல இங்கன்னு ஒரு இடமே இருக்காதுடி."

"அங்க எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே."

"நானே இன்னும் பாக்கல அக்கா."

ஓர் அலை வந்து இருவர் காலையும் நனைத்துப் போனது. எலோய்னா தங்கையின் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி. அப்ப ரெண்டு பேரும் இருப்போம். மேல போனதும் அம்மாகிட்ட நீயே பதில் சொல்லிக்கோ."

"பைத்தியமா உனக்கு?"

அடுத்த அலை மடிவரை வந்தது. ஒலாயாவின் விரல்கள் பொத்தானுக்குப் போயின. எலோய்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பாத. முதல்ல நீ பாரு," என்றாள் தங்கை.

இந்தப் பக்கம் நாங்கள் கைகோத்து மணலிலிருந்து பாறை முனைவரை வரிசையாக நின்றோம். உயரமானவர் என்பதால் கடைசியில் ஹெர்மான், மார்பளவு தண்ணீரில். அக்கா பின்னால் தள்ள, அவர் ஒலாயாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு கை மாறிக் கை மாறி வந்தாள். என் கைக்கு வந்தபோது அவள் விரல்கள் விறைத்திருந்தன. அந்தத் தழும்பை நாங்கள் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பார்த்தோம். உடனே அடுத்த அலையைப் பார்த்தோம். அது பெரியதாக இருந்தது.

கரையேறியதும் எலோய்னா எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்தாள். ஏன் எழுப்பவில்லை, ஏன் எழுப்பவில்லை என்று அதையே கேட்டாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே மணலில் விழுந்து குழந்தைபோல் அழுதாள்.

ஹெர்மான் தன் சட்டையைக் கொண்டுவந்து, தலை நிமிராமல் ஒலாயாவிடம் நீட்டினார்.

"நான் அப்பப் பேசினது..."

"போதும் ஹெர்மான். பேசிட்டு நின்னா சரிவுக்குப் போற வழியையும் கடல் மூடிரும். அக்காவைப் பிடிங்க."

சட்டையை வாங்கி, நடுங்கிக்கொண்டிருந்த எலோய்னாவின் தோளில் போர்த்திவிட்டு, காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு ஒலாயா சரிவில் முதலாவதாக ஏறினாள். எலோய்னா எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் கண் கடலுக்கும், மேலே ஏறிக்கொண்டிருந்த தங்கைக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது.

"மெதுவாப் போடி," என்றாள். "அந்தக் கல்லு ஆடும்."